வயலுக்கு மேல் பறக்கும் டிரோன்: ஓட்டுபவருக்கு என்ன தகுதி வேண்டும்?

மருந்து தெளிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற குறை இன்று எல்லா ஊர்களிலும் உள்ளது. கிடைக்கும் ஆளும் காலை பத்து மணிக்கு மேல் நிற்பதில்லை. கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து சேற்றில் நடப்பவருக்கு மருந்தின் நெடியும் சேர்ந்து உடம்பைக் கெடுக்கிறது. ஆகவே, டிரோன் என்று அழைக்கப்படும் ஆளில்லா விமானத்தை வாடகைக்குப் பிடித்து மருந்து தெளிக்கும் வழக்கம் நெல், கரும்பு, மக்காச்சோளம், பயறு விளையும் பகுதிகளில் பரவி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. டிராக்டரை ஓட்ட வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்கிறோம். மருந்து நிரம்பிய தொட்டியுடன் ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள இயந்திரத்தை நம் தலைக்கு மேல் பறக்க விடுபவரிடம் எதையும் கேட்பதில்லை. அது தவறி விழுந்தால் ஆளுக்கு ஆபத்து. தவறாமல் பறந்தாலும், மருந்து காற்றில் அடித்துச் செல்லப்பட்டால் பக்கத்து வயலுக்கு ஆபத்து.

மற்றொரு பக்கம், படித்த பிள்ளைகள் பலர் டிரோன் ஓட்டும் வேலைக்குப் போகலாம் என்று பயிற்சிக் கட்டணம் கட்டத் தயாராக உள்ளனர். எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று அறியாமல் பணத்தை இழக்கக் கூடாது. இந்த இரண்டு காரணங்களுக்காகவும் விமானி உரிமங்கள் பற்றிய விவரங்களை விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது.

விமானி உரிமத்தின் வகைகள்

முதலில், ஆள் ஏறி ஓட்டும் விமானத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் இதற்கான உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆகும். இதைச் சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. என்பார்கள். உரிமங்கள் படிப்படியாக அமைந்துள்ளன.

முதற்படி, மாணவ விமானி உரிமம். 16 வயது நிறைந்தவர் இதைப் பெறலாம். பயிற்றுநரின் கண்காணிப்பில் ஓட்டிப் பழக மட்டுமே இது உதவும். கார் ஓட்டுவதற்கு முன் வாங்கும் பழகுநர் உரிமம் போன்றது.

இரண்டாவது, தனியார் விமானி உரிமம். வயது 17 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த உரிமம் உள்ளவர் தம் சொந்தக் காரியத்துக்கு ஓட்டலாம். கூலி வாங்கிக் கொண்டு ஓட்டக் கூடாது.

மூன்றாவது, வணிக விமானி உரிமம். வயது 18. குறைந்தது 200 மணி நேரப் பறப்பு வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட இந்த உரிமம் இன்றியமையாதது.

நான்காவது, விமானப் போக்குவரத்து விமானி உரிமம். பெரிய பயணிகள் விமானத்தில் தலைமை விமானியாக அமர இது வேண்டும். வயது 21, பறந்த நேரம் 1,500 மணி.

இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவப் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் உண்டு. வணிக விமானி உரிமம் பெறுவதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும்.

இந்த நான்கு படிகளிலும் ஒரு பொதுவான நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். பிறருக்கு விளையக்கூடிய ஆபத்து கூடக் கூட, கேட்கும் தகுதியும் கூடுகிறது. சொந்தத்துக்கு ஓட்டுவது வேறு, கூலிக்கு ஓட்டுவது வேறு என்று பிரிக்கப்பட்டுள்ளது. டிரோனுக்கும் இதே நியாயத்தில்தான் விதி செய்திருக்கிறார்கள்.

டிரோனில் ஐந்து எடைகள்

டிரோனுக்கென மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி டிரோன்கள் எடையைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரிக்கப்படுகின்றன. எடை என்றால் வெறும் இயந்திரத்தின் எடை அல்ல. பேட்டரி, தொட்டி, தொட்டியில் உள்ள மருந்து எல்லாம் சேர்த்து, பறக்கும்போது உள்ள மொத்த எடை.

250 கிராம் வரை உள்ளது நானோ.
250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ.
2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை.
25 கிலோவுக்கு மேல் 150 கிலோ வரை நடுத்தர வகை.
150 கிலோவுக்கு மேற்பட்டது பெரிய வகை.

கல்யாண வீட்டில் படம் பிடிக்க வரும் டிரோன் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளில் அடங்கும். நானோ டிரோனுக்குச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ டிரோனைச் சொந்த உபயோகத்துக்கு, அதாவது வருமானம் கருதாமல் ஓட்டினால், அதற்கும் தேவையில்லை.

மருந்து தெளிக்கும் டிரோன் அப்படியல்ல. 10 லிட்டர் தொட்டி உள்ள டிரோன் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 25 கிலோவை எட்டி நிற்கும். பல நிறுவனங்கள் 25 கிலோவைத் தாண்டாமல் பார்த்துத்தான் இயந்திரத்தைச் செய்கின்றன. ஆகவே அது சிறிய வகையில் சேரும். அதை ஓட்டச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். சொந்த வயலில் ஓட்டினாலும் வேண்டும். வாடகைக்கு ஓட்டினாலும் வேண்டும்.

இதைவிடப் பெரிய தொட்டி வைத்த டிரோன் 25 கிலோவைத் தாண்டினால் நடுத்தர வகைக்குப் போய்விடும். சிறிய வகைக்குப் பெற்ற சான்றிதழைக் கொண்டு அதை ஓட்ட முடியாது. சான்றிதழில் எந்த வகை டிரோன், எந்த எடைப் பிரிவு என்று குறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் உரிமத்தை வைத்துக் கொண்டு லாரி ஓட்ட முடியாதது போலத்தான் இதுவும்.

யார் சேரலாம்?

டிரோன் ஓட்டுவதற்கான தகுதிச் சான்றுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் என்று பெயர். முதலில் இதையும் உரிமம் என்றே வைத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே சான்றிதழ் தரலாம் என்று எளிமையாக்கினார்கள்.

இதற்குத் தேவையான தகுதிகள் மூன்றே.

வயது 18-க்குக் குறையாமலும் 65-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தில் பத்தாம் வகுப்பு அல்லது அதற்குச் சமமான தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் வெற்றி பெற வேண்டும்.

தொடக்கத்தில் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சேர முடியாத நிலை இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் பாஸ்போர்ட் இருக்கும்? இந்தத் தடை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது. இப்போது வாக்காளர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசுச் சான்றுகளைக் காட்டிச் சேரலாம். பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம். உடல் தகுதிக்கு மருத்துவர் சான்று கேட்கும் பயிற்சி நிறுவனங்களும் உண்டு. கண் பார்வையை முன்கூட்டியே பரிசோதித்துக் கொள்வது நல்லது.

தேர்வில் தேறிய நாளிலிருந்து 7 நாட்களுக்குள் பயிற்சி நிறுவனம் அரசின் இணையதளம் வழியாகச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புத்தாக்கப் பயிற்சி முடித்துப் புதுப்பித்துக் கொள்ளலாம். அரசுக்குச் செலுத்தும் கட்டணம் 100 ரூபாய் என்றே விதிகளில் வைக்கப்பட்டது. ஆனால் பயிற்சிக் கட்டணம் வேறு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்?

சிறிய வகை டிரோனுக்கான பயிற்சி பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள் நடைபெறும். அதில் மூன்று பாகங்கள் உண்டு.

முதலாவது வகுப்புப் பாடம். டிரோன் விதிகள், பறப்பதன் அடிப்படை, காற்றும் வானிலையும், பேட்டரியைப் பேணும் முறை, ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவை ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுதல். உண்மையான டிரோனைக் கையில் தருவதற்கு முன் திரையில் ஓட்டிப் பார்ப்பது. இதில் விழுந்தால் நஷ்டமில்லை.

மூன்றாவது, மைதானத்தில் பயிற்றுநரின் பக்கத்தில் நின்று உண்மையான டிரோனை ஓட்டுவது. எழுப்புவது, ஒரே இடத்தில் நிறுத்துவது, நேர்கோட்டில் செலுத்துவது, எட்டு வடிவில் சுற்றுவது, இறக்குவது என்று படிப்படியாகக் கற்றுத் தருவார்கள்.

இந்த மூன்றாம் பாகம்தான் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டுவதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. ஒவ்வொரு மாணவர் கைக்கும் எத்தனை நேரம் டிரோன் வரும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது

சான்றிதழ் பெற்றவர் டிரோனைப் பறக்க விடக் கற்றவர். மருந்து தெளிக்கக் கற்றவர் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வேறுபாட்டை விவசாயிகள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறோம். லிட்டருக்கு 1 மி.லி. மருந்து என்றால் ஏக்கருக்கு 200 மி.லி. ஆகிறது. டிரோனில் ஏக்கருக்குப் பிடிக்கும் தண்ணீர் 10 லிட்டர் அளவே. அதே 200 மி.லி. மருந்தை 10 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 20 மி.லி. ஆகிறது. அதாவது, டிரோனில் இருந்து விழும் ஒவ்வொரு துளியும் கைத்தெளிப்பானின் துளியைவிட 20 மடங்கு காரமானது.

அந்தத் துளி மிகவும் நுண்ணியதும்கூட. நுண்ணிய துளி இலையில் நன்றாகப் படியும். ஆனால் காற்று அடித்தால் வெகு தூரம் போகும். உங்கள் சோளக் கொல்லைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி தெளிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த வரப்புக்கு அப்பால் பருத்தி நின்றால், காற்றில் போகும் சிறு அளவு மருந்தே அதன் இலைகளைச் சுருட்டிவிடும். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்து, பூச்சிமருந்து பட்ட இலையைப் பறித்துப் போட்டால் பட்டுப்புழுக்கள் சாகும். மீன்குட்டை, தேனீப்பெட்டி, மாடு மேயும் வரப்பு ஆகியவற்றுக்கும் இதே கதிதான். அண்ணன் தம்பி போல் பழகிய பக்கத்து வயல்காரருடன் பகை வளர இது ஒன்றே போதும்.

வானிலிருந்து மருந்து தெளிப்பதை அலட்சியமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உள்ளது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் உள்ளன. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000-ஆம் ஆண்டு வரை அங்கே எண்டோசல்பான் மருந்து ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு நடுவே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகளும் நரம்புக் கோளாறுகளும் வருவதாகக் கிராம மக்கள் முறையிட்டனர். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு 2017-ல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

ஹெலிகாப்டரும் டிரோனும் ஒன்றல்ல. டிரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. சிறிய இடத்தில் மட்டும் தெளிக்கிறது. ஆயினும் பாடம் ஒன்றே. ஓட்டுபவருக்கு விமானம் மட்டுமல்ல, மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். வானிலிருந்து மருந்து தெளிப்பதானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். தெளிக்கும் இடத்தை அடையாளமிட வேண்டும். கை கால் கழுவவும் முதலுதவிக்கும் ஏற்பாடு வேண்டும். ஆட்களும் ஆடு மாடுகளும் குறித்த காலம் வரை உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். மருந்தால் உடலில் ஏற்படும் விளைவுகள் பற்றியும் விமானி பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டிரோனில் மருந்து தெளிப்பதற்கென மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வழிமுறைகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் பயிர்வாரியான வழிமுறைகளும் வந்தன.

ஆகவே ரிமோட் பைலட் சான்றிதழுடன், வேளாண் தெளிப்புக்கான தனிப் பயிற்சியையும் பெற வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான மத்திய அரசின் நமோ டிரோன் தீதி திட்டத்தில் 15 நாள் பயிற்சி வகுத்தார்கள். அதில் டிரோன் ஓட்டப் பழகுவது 5 நாட்கள். உரமும் மருந்தும் தெளிக்கப் பழகுவது 10 நாட்கள். எது கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கைத்தெளிப்பான் சிபாரிசு டிரோனுக்குப் பொருந்துமா?

இந்தக் கேள்வியைப் பல கூட்டங்களில் விவசாயிகள் எழுப்புகிறார்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதே பதில்.

பயறு வகைகளுக்குப் பூக்கும் பருவத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கிறோம். 200 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ உரம். அந்த 4 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் முனைகள் அடைத்துக் கொள்ளும். கரைசலின் காரத்தால் இலை கருகவும் வாய்ப்புண்டு. டிரோனுக்கு ஏற்றவாறு உரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்டுப் பெற வேண்டும்.

நெல்லில் புகையான் என்ற தத்துப்பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல் கூட்டமாக இருக்கும். மேலிருந்து விழும் நுண்ணிய துளி நெருக்கமான பயிரில் அடித்தூர் வரை போய்ச் சேருவது கடினம். வயலில் தண்ணீரை வடித்து, தூரில் படுமாறு தெளிப்பதே இதற்கு நல்லது. இலையின் மேல் உள்ள பூச்சிக்கும் நோய்க்கும் டிரோன் ஏற்றது.

எல்லா மருந்துகளையும் டிரோனில் தெளிக்கலாம் என்றும் இல்லை. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளுக்கு இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதி தரப்பட்டது. இன்று எவை அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மருந்துப் புட்டியின் சீட்டையும் படியுங்கள்.

எங்கே பறக்கலாம்?

வானம் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதைக் காட்டும் வரைபடம் மத்திய அரசின் இணையதளத்தில் உள்ளது.

பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். நம் கிராமங்களில் பெரும்பகுதி இதில் அடங்கும். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடி வரை மட்டும் இந்தச் சலுகை உண்டு.

8 கிலோமீட்டருக்குள் உங்கள் வயல் இருந்தால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். பயிருக்கு மேல் பத்தடிதானே பறக்கிறது என்று சொல்ல இயலாது. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

இயந்திரத்துக்கும் தாள்கள் உண்டு

ஓட்டுபவருக்குச் சான்றிதழ் இருப்பது போல டிரோனுக்கும் இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று, அந்த மாதிரி டிரோன் பரிசோதிக்கப்பட்டது என்பதற்கான வகைச் சான்றிதழ். இதைத் தயாரிப்பவர் பெறுவார். மற்றொன்று, ஒவ்வொரு டிரோனுக்கும் உரிய தனி அடையாள எண். இது மோட்டார் வண்டியின் பதிவு எண் போன்றது.

மூன்றாம் நபருக்கான காப்பீடும் வேண்டும். நானோ வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. டிரோன் விழுந்து பிறருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் இந்தக் காப்பீடுதான் துணை நிற்கும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் ஓட்டியவர் தகவல் தர வேண்டும் என்றும் 2021 விதிகள் கூறுகின்றன. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அவற்றில் இடம் வைக்கப்பட்டது.

டிரோனைச் சொந்தமாக வாங்கலாமா?

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தனியாக வாங்குவதை நாம் சிபாரிசு செய்வதில்லை. தெளிப்பு டிரோனுக்கும் உபரி பேட்டரிகளுக்கும் பல லட்சம் ரூபாய் ஆகும். ஒரு பேட்டரி பத்துப் பதினைந்து நிமிடங்களில் தீர்ந்து போகும். பேட்டரிகள் தேயத் தேய மாற்ற வேண்டும். தினமும் வேலை இருந்தால்தான் முதல் திரும்பும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு ஆகியவை வாங்கி, உறுப்பினர்களுக்கு வாடகைக்கு ஓட்டுவது நல்ல முறை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கீழ் மானியமும் அறிவிக்கப்பட்டது. வாடகை மையங்களுக்கு விலையில் 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் ரூபாய். வாடகை மையம் வைக்கும் வேளாண் பட்டதாரிக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். நமோ டிரோன் தீதி திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025-26 வரை 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்பது அதன் ஏற்பாடு. மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இவ்வாண்டு எது நடப்பில் உள்ளது என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்

டிரோன் பயிற்சி என்று விளம்பரப் பலகை வைத்தவர்கள் எல்லாம் ரிமோட் பைலட் சான்றிதழ் தர முடியாது. ஒரு நாள் வகுப்பு நடத்தி அழகான தாள் ஒன்றைக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தத் தாளைக் கொண்டு தெளிப்பு டிரோனை ஓட்ட முடியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. டி.ஜி.சி.ஏ. வெளியிட்டுள்ள பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

2. சிறிய வகை டிரோனுக்கு அவர்களுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். மைக்ரோ வகைக்கு மட்டும் கொடுத்தால் வயலுக்குப் பயன்படாது.

3. தெளிப்புப் பயிற்சியும் சேர்த்துத் தருகிறார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

4. மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். உரிய ரசீது பெறுங்கள்.

5. முடித்தவுடன் வேலை உறுதி என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தெளிப்பு வேலை பருவத்துக்குப் பருவம்தான் வரும். உங்கள் சுற்று வட்டாரத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், யார் ஏற்கெனவே ஓட்டுகிறார்கள் என்று கணக்குப் பாருங்கள்.

டிரோனை வாடகைக்கு அழைக்கும் விவசாயிக்கு

ரிமோட் பைலட் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள பெயரும் ஓட்ட வந்தவரும் ஒருவரே என்று பாருங்கள். முதலாளியிடம் சான்றிதழ், ஓட்டுவது பையன் என்ற நிலை கூடாது.

அடையாள எண்ணையும் காப்பீட்டையும் கேளுங்கள்.

முதல் நாளே பக்கத்து வயல்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி விடுங்கள். தேனீப்பெட்டி, மல்பெரி, மீன்குட்டை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் சில மீட்டர் இடைவெளி விட்டுத் தெளிக்கச் சொல்லுங்கள்.

மின்கம்பி, தென்னை, பம்புசெட்டுக்கு வரும் கம்பிகள் எங்கே உள்ளன என்று ஓட்டுபவருக்கு வயலைச் சுற்றிக் காட்டுங்கள்.

முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை ஒழுகுகிறதா, சீராக விழுகிறதா என்று தெரிந்துவிடும். மருந்தை முதலில் சிறிதளவு தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பிறகு மீதித் தண்ணீருடன் சேர்க்க வேண்டும்.

காற்று பலமாக வீசும்போதும், உச்சி வெயிலிலும், மழை வரும் போல் இருக்கும்போதும் தெளிக்க வேண்டாம். காலையும் மாலையும் ஏற்றவை. காற்று வரும் திசையில் நில்லுங்கள். காற்று போகும் திசையில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். டிரோன் பறப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடுவது இயல்பு. அவர்களை வயலுக்கு வெளியே தூரத்தில் நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

காலிப் புட்டிகளை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றித் தெளித்துவிட வேண்டும். வாய்க்காலில் கழுவக் கூடாது.

ஓட்டுபவர் இவற்றில் எதற்காவது மறுத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்தி விடுங்கள். பூச்சிக்கு மருந்தை நாளை தெளிக்கலாம். பக்கத்துக் கொல்லையில் விழுந்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

பத்தாம் வகுப்புத் தேறிய மகனோ மகளோ வீட்டில் இருந்தால், முறையான பயிற்சிக்கு அனுப்பி ஊருக்கு ஒரு நல்ல டிரோன் விமானியை உருவாக்கலாம். தம் ஊர் வயலும் வரப்பும் தெரிந்தவர் ஓட்டுவது எல்லோருக்கும் நல்லது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேரும் முன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரையோ, வேளாண்மைப் பொறியியல் துறையினரையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, அன்றைய நிலவரத்தைக் கேட்டறிந்து பயன் பெறுமாறு விவசாயிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.